நிற்கத் தெரிந்த வண்டி: தென்தீவின் கரையும் மலையும்



இன்றைய உரையின் பொருள், கேம்பர்வேன் என்னும் வீட்டு வண்டியில் கடற்கரையையும் மலையையும் சுற்றி வருவது. எடுத்துக்காட்டாக வரும் நிலம் நியூசிலாந்தின் தென்தீவு. உலகில் கடற்கரைக்குப் பஞ்சமா? மலைக்குப் பஞ்சமா? பிறகு ஏன் அவ்வளவு தொலைவில் கிடக்கும் ஒரு தீவு? ஒரே ஒரு மலையைச் சொன்னால் காரணம் விளங்கிவிடும்.

அந்த மலையின் பெயர் ஆவோராக்கி. ஆங்கிலேயர் வைத்த பெயர் மவுண்ட் குக். உயரம் 3,724 மீட்டர். நியூசிலாந்தில் அதைவிட உயர்ந்த சிகரம் இல்லை. அதன் உச்சியிலிருந்து மேற்கே டாஸ்மன் கடல் நேர்கோட்டில் நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவு. கடல் பக்கத்தில் ஃபாக்ஸ் கிளேசியர் என்ற சிற்றூர். அதற்கு அருகே மாத்திசன் ஏரி. காற்றடங்கிய காலையில் சிகரம் அந்த ஏரியில் தலைகீழாக விழுந்து கிடக்கும். மலையின் மறுபக்கம், கிழக்குச் சரிவின் அடியில், மவுண்ட் குக் கிராமம். இரண்டு ஊர்களுக்கும் நடுவில் மலை இருக்கிறது, சாலை இல்லை. வண்டியில் போக வேண்டுமானால் தெற்கே இறங்கி, கணவாய் ஏறி, ஏரிகளைச் சுற்றி 450 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும்.

கண்ணுக்குக் கடலும் மலையும் அக்கம்பக்கம். சக்கரத்துக்கு ஒரு முழுநாள் தொலைவு. இந்த நிலத்துக்கு ஏற்ற வண்டி எது? வேகமாக ஓடும் வண்டியா? வேகம் இங்கே பெரிதாக உதவாது. மேகம் மூடினால் மலை இல்லை. மழை கொட்டினால் சாலை இல்லை. காற்று அடித்தால் கப்பல் இல்லை. விடுதியில் அறை பதிந்தவர் தேதிக்குக் கட்டுப்பட்டவர். மலை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் மறுநாள் அடுத்த ஊருக்குப் போயாக வேண்டும். சோற்றுக்கும் படுக்கைக்கும் குறைவில்லாமல் இன்னொரு நாள் காத்திருக்க முடிந்தவருக்கே இந்தத் தீவு தன்னைக் காட்டும். ஆகவே கேம்பர்வேனின் சிறப்பு ஓடுவதைவிட நிற்பதில்தான் இருக்கிறது. எங்கே நிற்பது? எப்படி நிற்பது? எவ்வளவு காலம் நிற்பது? இந்த மூன்று கேள்விகளையும் பிடித்துக்கொண்டே இவ்வுரை செல்லும்.

முதலில் வண்டியின் கதை. உல்லாசத்துக்காக வீட்டு வண்டியில் ஊர் சுற்றும் பழக்கத்தைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர். கடற்படையில் மருத்துவராக இருந்து விலகியவர். சிறுவர்களுக்குச் சாகசக் கதைகள் எழுதியவர். 1885-இல் ‘வாண்டரர்’ என்ற குதிரை வண்டி வீட்டில் தெற்கு இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரை போனார். அதுவரை வண்டி வீடு என்பது நாடோடிகளுக்கும் சர்க்கஸ்காரர்களுக்கும் பிழைப்பு. அவர் அதைப் பொழுதுபோக்காக்கினார். கூடவே ஒரு வண்டிக்காரரும் ஒரு பணியாளும் போனார்கள். எளிய வாழ்வைத் தேடிப் புறப்பட்ட கனவானுக்கும் வேலைக்காரர் இல்லாமல் முடியவில்லை!

மோட்டார் யுகத்தில் இந்த வண்டியை நடுத்தர வர்க்கத்தின் கைக்குக் கொண்டுவந்தது ஃபோக்ஸ்வாகன் வேன். 1947-இல் பென் பான் என்ற டச்சு வணிகர் தம் குறிப்பேட்டில் கிறுக்கிய படம் ஒன்றிலிருந்து அது பிறந்தது. 1950-இல் உற்பத்தி தொடங்கியது. மறு ஆண்டே ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம், வேனுக்குள் ஏற்றி இறக்கக்கூடிய படுக்கையும் அலமாரியும் சேர்ந்த பெட்டி ஒன்றைச் செய்தது. வேலை நாளில் சரக்கு வண்டி, விடுமுறை நாளில் வீடு. நியூசிலாந்திலோ இந்தப் பழக்கம் வேரோடிப் போனது. அங்கே வீட்டு வண்டிக்காரர்களின் சங்கம் 1956-இல் தொடங்கியது. இன்று அதன் உறுப்பினர் ஒரு லட்சத்துக்கும் மேல். ஆக, சுற்றுலாப் பயணி வாடகைக்கு எடுக்கும் வண்டி உள்ளூர்க்காரர்களின் வாழ்க்கைமுறைக்குள் நுழைகிற வண்டியும்கூட.

வண்டிக்குள் என்ன இருக்கிறது? சிறிய வண்டி பெரும்பாலும் டொயோட்டா ஹைஏஸ். இருவர் படுக்கலாம், குனிந்துதான் நடக்க வேண்டும். பெரியவை மெர்சிடிஸ் ஸ்பிரிண்டர், ஃபியட் டுகாட்டோ போன்ற வேன்களின் மேல் கட்டியவை. நான்கு பேர், ஆறு பேர் கொள்ளும். எதுவானாலும் உள்ளே இரண்டு பேட்டரிகள். ஒன்று எஞ்சினுக்கு, மற்றது விளக்குக்கும் ஃபிரிட்ஜுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும். வண்டி ஓடும்போதோ கூரையில் உள்ள சோலார் பலகையாலோ இரண்டாவது பேட்டரி ஏறும். மைக்ரோவேவுக்கும் மின்சார ஹீட்டருக்கும் அது போதாது. அவற்றுக்கு ஹாலிடே பார்க் என்னும் கட்டண முகாமில் வண்டியை நிறுத்தி, 230 வோல்ட் கம்பியைச் செருக வேண்டும். சமையலுக்கு காஸ் அடுப்பு. சோறு வடிப்பதும் குழம்பு கொதிப்பதும் தாராளமாக முடியும். ஆனால் தாளித்த வாசனை மறுநாள் வரை தலையணையில் இருக்கும். ஜன்னலைச் சற்றுத் திறக்காமல் சமைத்தால், விடியும்போது கண்ணாடியெல்லாம் நீர் வழியும்.

இவ்வளவும் இருந்தாலும், ஓர் இடத்தில் எத்தனை நாள் நிற்கலாம் என்பதை முடிவு செய்வது மூன்று தொட்டிகள். நல்ல தண்ணீர்த் தொட்டி, அழுக்குத் தண்ணீர்த் தொட்டி, கழிவறைத் தொட்டி. முதலாவது காலியானாலும் நகர வேண்டும். மற்ற இரண்டும் நிறைந்தாலும் நகர வேண்டும்.

அந்நாட்டுச் சட்டமும் இந்தத் தொட்டிகளைத்தான் பிடித்திருக்கிறது. 2011-இல், உலகக் கோப்பை ரக்பி போட்டிக்கு வெளிநாட்டு ரசிகர் கூட்டம் வருவதற்குச் சற்று முன்பு, கட்டணமில்லா முகாம் பற்றிய சட்டம் நிறைவேறியது. உள்ளாட்சி தடுக்காத பொது நிலத்தில் இரவு தங்கலாம் என்பது அதன் அடிப்படை. எவ்வளவு தாராளம்! தாராளத்துக்கு விலையும் இருந்தது. கழிவறை இல்லாத வேன்கள் ஏரிக்கரையிலும் கடலோரத்திலும் குவிந்தன. காலையில் புதர் ஓரத்தில் என்ன கிடந்தது என்பதை இந்த அவையில் விவரிக்கத் தேவையில்லை. ஊர்க்காரர்கள் கொதித்தார்கள். 2023-இல் சட்டம் இறுகியது. உள்ளாட்சி நிலத்தில் கட்டணமின்றித் தங்கும் வண்டி ‘தன்னிறைவு’ச் சான்று பெற்றிருக்க வேண்டும், கழிவறை வண்டியோடு பொருத்தப்பட்டிருக்க வேண்டும், படுக்கையை விரித்த பிறகும் அதைப் பயன்படுத்த முடிய வேண்டும். மூன்று நாளைக்கு வேண்டிய தண்ணீரும், மூன்று நாள் கழிவைத் தாங்கும் இடமும் வேண்டும். சான்றின் அடையாளம் பச்சை வில்லை. அது இல்லாமல் நின்றால் பல நூறு டாலர் அபராதம். கார் இருக்கைக்கு அடியில் பிளாஸ்டிக் வாளி ஒன்றை வைத்துக்கொண்டு சான்று வாங்கிய காலம் முடிந்தது. சட்டம் கடுமையானது என்று புலம்புவோர் உண்டு. ஏரியில் குளிப்பவர்கள் புலம்பவில்லை.

கழிவை இறக்குவது எப்படி? சுற்றுலா விளம்பரங்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடும். ஆனால் இது தெரியாமல் வீட்டு வண்டி இல்லை. சிற்றூரின் பெட்ரோல் பங்க் பின்புறத்திலோ பூங்கா ஓரத்திலோ ஒரு கான்கிரீட் தளம் இருக்கும். நடுவில் மூடியிட்ட குழி. பக்கத்தில் இரண்டு குழாய்கள், ஒன்று குடிநீருக்கு, மற்றது கழுவுவதற்கு. முதலில் நெளிகுழாயை மாட்டித் திருகைத் திறந்தால் பாத்திரம் கழுவிய தண்ணீர் இறங்கிவிடும். அடுத்து வண்டியின் வெளிப்பக்கத்துச் சிறு கதவைத் திறந்து, கழிவறைக்கு அடியில் உள்ள பெட்டியை உருவ வேண்டும். நிறைந்த பெட்டி இருபது கிலோ கனக்கும். காற்று நுழையும் பொத்தானை அழுத்திக்கொண்டே சாய்த்தால் சத்தமில்லாமல் வழியும். அழுத்த மறந்தால் குமிழியிட்டுத் தெறிக்கும். முதல் தடவை மறக்காதவர் குறைவு. பிறகு அலசி, நீல மருந்தும் கொஞ்சம் தண்ணீரும் விட்டு, பெட்டியை உள்ளே தள்ளி, கையைக் கழுவிவிட்டு, அதற்கப்புறம்தான் குடிநீர்க் குழாய்ப் பக்கம் போக வேண்டும். மொத்தம் பத்து நிமிட வேலை. யார் செய்வது என்ற வாக்குவாதம் அதில் சேராது.

வண்டி ஆயிற்று. இனி நிலம்.

தென்தீவின் முதுகெலும்பு சதர்ன் ஆல்ப்ஸ். சுமார் 500 கிலோமீட்டர் நீளம். அதன் மேற்கு அடியில் ஓடுகிறது ஆல்பைன் பிளவு. பூமியின் இரண்டு பெரும் தட்டுகள், பசிபிக் தட்டும் ஆஸ்திரேலியத் தட்டும், அங்கே ஒன்றையொன்று உரசுகின்றன; மலை மேலே எழுகிறது. கடைசியாக அது பெரிதாக உடைந்தது 1717-இல். கடலுக்கு இவ்வளவு அருகில் இவ்வளவு உயரம் ஏன் என்ற கேள்விக்கு விடை இந்தப் பிளவு. மேற்கிலிருந்து ஓயாமல் வீசும் ஈரக்காற்று மலையில் மோதி மேலேறிக் குளிர்ந்து, கடல் பக்கத்திலேயே மழையாகக் கொட்டிவிடுகிறது. மேற்குக் கரையில் உள்ள ஹோகிடிகாவில் ஆண்டுக்குச் சுமார் 2,900 மில்லிமீட்டர். தென்மேற்கில் மில்ஃபோர்ட் சவுண்ட் என்ற கடல்நுழைவில் 6,000 மில்லிமீட்டருக்கு மேல். மலையைத் தாண்டினால் கிழக்கே கிரைஸ்ட்சர்ச்சில் ஏறக்குறைய 600. உள்நாட்டு அலெக்சாண்ட்ராவில் 350 அளவில்தான். ஒரே நாளில் மழைக்காட்டில் காலை உணவு, காய்ந்த மஞ்சள் புல்வெளியில் இரவு உணவு. மேற்கே மழையை இறக்கிவிட்டு வரும் அதே காற்று கிழக்குச் சமவெளியில் வறண்ட வெப்பக் காற்றாக வீசும். உயரமான வண்டிகளை அது சாலையிலேயே பக்கவாட்டில் தள்ளும். அன்று ஓட்டக்கூடாது. நிற்க வேண்டும்.

பயணம் பலருக்கு வடதீவின் வெலிங்டன் துறைமுகத்தில் தொடங்குகிறது. குக் நீரிணையைக் கடந்து பிக்டன் வரை 92 கிலோமீட்டர். மூன்றரை மணி நேரம். வண்டியின் நீளத்துக்கு ஏற்பக் கட்டணம். ஏற்றும் முன் காஸ் சிலிண்டரை மூட வேண்டும். கடல் கொந்தளித்தால் கப்பல் ரத்தாகும். அப்படிக் காத்திருக்க நேரும் தமிழர், துறைமுகத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத டெ பாப்பா அருங்காட்சியகத்தை நினைத்துக்கொள்ளலாம். அதன் சேகரிப்பில் உடைந்த வெண்கல மணி ஒன்று இருக்கிறது. 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் வடதீவின் வடபகுதியில் அதைக் கண்டார். அந்நாட்டின் பூர்வகுடிகளான மவோரிகள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். மணியைச் சுற்றி எழுதியிருப்பது தமிழ்! முகைதீன் பக்ஷ் என்ற பெயரையும், அது கப்பலின் மணி என்பதையும் அந்த எழுத்து சொல்கிறது. அது எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்கு ஊகங்கள் உண்டு, உறுதியான விடை இல்லை.

பிக்டனிலிருந்து தெற்கே முதல் நெடுஞ்சாலை. ஒருபக்கம் மலை, மறுபக்கம் பசிபிக். நடுவே சாலையும் ரயில் பாதையும் நெருக்கியடித்துக்கொண்டு ஓடுகின்றன. இங்கேதான் கைகூரா. கரைக்கு மிக அருகிலேயே கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு இருப்பதால் ஸ்பெர்ம் திமிங்கிலங்கள் ஆண்டு முழுவதும் அங்கே வருகின்றன. மலைச் சிகரங்களோ 2,600 மீட்டர். 2016 நவம்பர் 14, நள்ளிரவு கடந்த சில நிமிடங்களில், 7.8 அளவு நிலநடுக்கம் இந்தக் கரையைக் குலுக்கியது. கடற்படுகை மேலெழுந்தது, நேற்றுவரை நீருக்கடியில் இருந்த பாறைகள் கடற்பாசியோடு வெளியே வந்து காய்ந்தன. மலை சரிந்து சாலையில் விழுந்தது. ஊருக்குள் சிக்கிய பயணிகள் ஹெலிகாப்டரிலும் கடற்படைக் கப்பலிலும் வெளியேறினார்கள். வடக்குச் சாலை திறக்க 2017 டிசம்பர் ஆயிற்று. ஓராண்டுக்கும் மேல் அத்தனை லாரிகளும் உள்நாட்டு லூயிஸ் கணவாய் வழியே சுற்றின. இன்று கைகூராவின் கடற்கரைச் சாலையோரத்தில் வண்டி நிறுத்தப் புதிய இடங்கள் இருக்கின்றன. நீர்நாய்க்கூட்டம் போலத் தோன்றினாலும் பாறைமேல் படுத்திருப்பவை ரோமச் சீல்கள். சீல் பார்க்க வளைவில் வண்டியை நிறுத்துபவர்களுக்குப் பின்னால் வரும் மரலாரி தெரியாது. குறித்த இடத்தில் மட்டும் நிறுத்துவது உயிருக்கு நல்லது.

கிழக்கிலிருந்து மேற்கே போக மூன்றே சாலைக் கணவாய்கள்: வடக்கே லூயிஸ், நடுவே ஆர்தர்ஸ், தெற்கே ஹாஸ்ட். ஆர்தர்ஸ் கணவாயின் உயரம் 920 மீட்டர். மேற்குக் கரையில் தங்கம் கிடைத்த பரபரப்பில், கூலிகளின் மண்வெட்டியால் வெட்டி, 1866-இல் குதிரை வண்டிகளுக்குத் திறந்த பாதை அது. மேற்குச் சரிவு செங்குத்து. பழைய கொண்டை ஊசி வளைவுகள் அடிக்கடி சரிந்துகொண்டே இருந்ததால், 1999-இல் 440 மீட்டர் நீளமான ஓட்டிரா மேம்பாலம் கட்டிச் சரிவை அப்படியே தாண்டிவிட்டார்கள். அதற்குச் சற்று மேலே காட்சி மேடை. வண்டியை நிறுத்தினால் ஐந்து நிமிடத்தில் கியா வந்துவிடும்.

கியா என்பது மலையில் வாழும் பச்சைக் கிளி. சேவல் அளவு உடல், வளைந்த நீண்ட அலகு, பயமென்பதே இல்லை. கூரையில் இறங்கி நகம் உரச நடக்கும். விளிம்பிலிருந்து தலைகீழாக எட்டிக் கண்ணாடி வழியே உள்ளே பார்க்கும். பறக்கும்போதுதான் இறக்கையின் அடியில் ஆரஞ்சு நிறம் தெரியும். ஒன்று முன்பக்கம் ஆட்டம் காட்ட, இன்னொன்று பின்பக்கம் ஜன்னல் ரப்பரை உரித்துக்கொண்டிருக்கும். வைப்பர், ஏரியல், வெளியே காயவைத்த செருப்பு எதற்கும் உத்தரவாதம் இல்லை. ரொட்டித் துண்டு போட்டால் போய்விடும் என்று நினைப்பது தவறு, போடுவதால்தான் வருகிறது. மனித உணவுக்குப் பழகிய கியா, வீட்டுக் கூரைகளின் ஈயத்தைக் கடித்து நஞ்சேறிச் சாகிறது. சாலையில் அடிபட்டுச் சாகிறது. மிஞ்சியிருப்பவை சில ஆயிரம்தான். ரப்பர் போனால் வாங்கலாம்.

மேற்குக் கரைக்கு இறங்கியதும் உலகம் ஈரமாகிறது. வடக்கே புனகைகியில் சுண்ணாம்புப் பாறைகள் கடலோரத்தில் தோசை அடுக்கிய மாதிரி நிற்கின்றன. ஏறக்குறைய மூன்று கோடி ஆண்டுக்கு முன் கடலடியில் படிந்தவை. நிறைந்த கடலில் அலை அடித்தால் பாறைத் துளைகள் வழியே நீர் பீறிடும். வற்றிய கடலில் போய் நிற்பவர் வெறும் பாறையைப் பார்த்துத் திரும்புவார். ஆகவே கடலேற்ற நேரம் பார்த்துக் காத்திருக்க வேண்டும். தெற்கே ஹோகிடிகா, பச்சைக்கல் ஊர். மவோரிகள் ‘பொவுனாமு’ என்று போற்றும் அந்தக் கல்லின் உரிமை 1997-இல் சட்டப்படி ங்காய் டஹு இனத்தாருக்குத் திரும்பியது.

இந்தக் கரையின் இன்னொரு குடி மணல்ஈ. எள் அளவு கறுப்புப் பூச்சி. பெண் ஈதான் கடிக்கும். விடியலிலும் அந்தியிலும் கூட்டமாக வரும். 1773-இல் டஸ்கி சவுண்டில் நங்கூரமிட்ட கேப்டன் குக் குழுவினரையே அது வாட்டியதாகக் குறிப்பு உண்டு. நடக்கும் ஆளை அதிகம் தொடாது; நின்றால் மொய்க்கும். நிற்பதைப் புகழ்ந்துவந்த இவ்வுரைக்கு இது ஒரு சங்கடமான உண்மை. வலைக்கதவுள்ள வண்டியின் அருமை அப்போது புரியும்.

மேற்குக் கரைச் சாலை ஆறுகளின் தயவில் ஓடுகிறது. 2019 மார்ச் இறுதியில் மலைப்பகுதியில் இரண்டு நாளில் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. ஃபிரான்ஸ் ஜோசப் ஊரை ஒட்டிய வைஹோ ஆற்றுப் பாலத்தை வெள்ளம் தூக்கிக்கொண்டு போயிற்று. கரைக்கு அந்த ஒரே சாலை; அறுந்தால் மறுபக்கம் போக மலையைச் சுற்றி வர வேண்டும். மூன்று வாரத்துக்குள் புதிய இரும்புப் பாலம் நின்றது. மழை எச்சரிக்கை வந்தால் ஆற்றங்கரை முகாமில் தங்காமல் மேட்டிலுள்ள ஊருக்குப் போய்விடுவதே அங்கே அறிவு. ஃபிரான்ஸ் ஜோசப், ஃபாக்ஸ் என்ற இரண்டு பனியாறுகளும் மழைக்காடு வரை இறங்கி வந்தவை. இப்போது வேகமாகப் பின்வாங்குகின்றன. 2012 வரை ஃபிரான்ஸ் ஜோசப் பனிமேல் நடந்தே ஏற முடிந்தது. அதன் பிறகு ஹெலிகாப்டர்தான் வழி. 2019-இன் மண்சரிவும் வெள்ளமும் ஃபாக்ஸ் பள்ளத்தாக்குச் சாலையையும் முடித்துவிட்டன.

ஒற்றை வழிப் பாலங்கள் இங்கே ஏராளம். வட்டப் பலகையில் சிவப்புச் சிறு அம்புக்குறி தன் பக்கம் இருந்தால் நின்று வழிவிட வேண்டும்; நீலப் பலகையில் பெரிய வெள்ளை அம்புக்குறி தன் பக்கம் இருந்தால் முன்னுரிமை. முன்னுரிமை இருந்தாலும் எதிரே ஏறிவிட்ட வண்டியோடு வாதாட முடியாது. ஹாஸ்ட் ஆற்றுப் பாலம் 737 மீட்டர்; நாட்டின் ஒற்றை வழிப் பாலங்களில் அதுவே மிக நீளம், நடுவில் ஒதுங்க இடம் விட்டிருக்கிறார்கள். அதற்கு முன்னால் நைட்ஸ் பாயிண்ட் என்ற கடற்குன்று. 1965-இல் இந்தச் சாலை முழுமையாக இணைந்ததன் நினைவுக்கல் அங்கே இருக்கிறது. யாரோ பெரிய வீரரின் பெயர் என்று தோன்றும். நில அளவையாளர் ஒருவருடைய நாயின் பெயர் அது.

ஹாஸ்ட் கணவாய் மூன்றிலும் தாழ்ந்தது, சுமார் 560 மீட்டர். அதைத் தாண்டியதும் காடு முடிந்து வனாக்கா ஏரி. பிறகு புல் மட்டும் போர்த்த லிண்டிஸ் கணவாய், 971 மீட்டர். அப்புறம் புகாக்கி ஏரி. பனியாறு அரைத்த கல்மாவு நீரில் மிதப்பதால் ஏரிக்கு அந்த வெளிர் நீலம். ஏரியை ஒட்டி 55 கிலோமீட்டர் உள்ளே போனால் ஆவோராக்கியின் அடி. இயற்கைப் பாதுகாப்புத் துறையின் ஒயிட் ஹார்ஸ் ஹில் முகாம் அங்கே. மின்சாரம் கிடையாது, சுற்றிலும் பனிமலை. 1991 டிசம்பரில் சிகரத்தின் உச்சியே இடிந்து விழுந்தது. பத்து மீட்டர் போயிற்று. பிறகு அரிப்பால் இன்னும் தேய்ந்து, 2014-இல் வெளியான அளவீட்டில் 3,724 என்று நின்றது. பல நாள்கள் மேகத்துக்குள் மறைந்திருக்கும் சிகரம் இது. பேருந்தில் வந்தவர் ஒரு மணி நேரம் மூடுபனியைப் பார்த்துவிட்டுப் போவார். தொட்டியில் தண்ணீர் உள்ளவர் இன்னும் ஓர் இரவு இருப்பார். மேகம் இரவில் விலகினால் வேறொரு வரவு: 2012 முதல் இந்தப் பகுதி பன்னாட்டு இருள்வானக் காப்பகம், ஊர் விளக்குகளுக்குக் கட்டுப்பாடு, பால்வீதி மலையிலிருந்து மலை வரை தெரியும்.

தெற்கே மில்ஃபோர்ட் சாலை தனிக்கதை. டெ ஆனா என்ற ஊரிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர், நடுவில் ஊரே இல்லை. டீசலை டெ ஆனாவில் நிரப்பிக்கொள்வதே முறை. வழியில் ஹோமர் சுரங்கம், 1.2 கிலோமீட்டர். பொருளாதார மந்தக் காலத்தில், 1935-இல், வேலையற்றோர் நிவாரணத் திட்டத்தில் சில ஆட்கள் கடப்பாரையோடு தொடங்கிய வேலை. பனிச்சரிவில் உயிர்கள் போயின. போரில் வேலை நின்றது. 1954-இல்தான் வண்டிகள் ஓடின. உள்ளே கரடுமுரடான பாறைச் சுவர். கடல் பக்கம் நோக்கிச் சரிவு. குளிர்காலத்தில் சக்கரச் சங்கிலி வைத்திருக்க வேண்டும்; பனிச்சரிவு அபாயம் இருந்தால் சாலையையே மூடிவிடுவார்கள். மில்ஃபோர்டில் கட்டணமின்றி இரவு தங்க அனுமதியில்லை. வழியில் எக்ளின்டன் பள்ளத்தாக்கில் உள்ள இயற்கைப் பாதுகாப்புத் துறை முகாம்களில் இரவு நின்று, பேருந்துகள் வந்து சேரும் முன் விடியலில் சுரங்கத்தைக் கடப்பவர்கள் கெட்டிக்காரர்கள். மழை பெய்கிறதே என்று அங்கே யாரும் திரும்புவதில்லை. மழையில்தான் ஆயிரம் தற்காலிக அருவிகள் பாறைச் சுவரில் இறங்கும்.

தென்கிழக்குக் கரையையும் பார்க்க அவகாசம் உள்ளவர்களுக்குக் கேட்லின்ஸ் உண்டு. கூரியோ பேயில் கடல் வற்றும்போது கல்லாகிப் போன ஜுராசிக் காட்டின் அடிமரங்கள் வெளியே தெரியும். டுனேடினுக்கு அருகே டையரோவா முனையில் ஆல்பட்ராஸ் பறவைகள் கூடுகட்டும். மொயராக்கி மணலில் உருண்டைப் பாறைகள் கிடக்கும். ஓமருவில் இருட்டியதும் குட்டிப் பெங்குவின்கள் கரையேறும்.

எப்போது போவது? டிசம்பர் கடைசியும் ஜனவரியும் உள்ளூர்ப் பள்ளி விடுமுறை, முகாம்கள் நிரம்பும். பிப்ரவரி முதல் ஏப்ரல் நடுவரை கூட்டம் குறைவு, வானிலையும் ஒப்பீட்டளவில் சாந்தம். ஓட்டுவது இடப்பக்கம், இந்தியரோ இலங்கையரோ அதில் தடுமாற வேண்டியதில்லை. திறந்த சாலையில் கார்களுக்கு 100 கிலோமீட்டர் வரை அனுமதி என்றாலும், மலைச்சாலையில் பெரிய வண்டி சராசரியாக 60 போனாலே நல்ல ஓட்டம். பின்னால் கார்கள் சேர்ந்தால் ஒதுங்கி வழிவிட வேண்டும். உணவு விஷயத்தில் விமான நிலையச் சோதனை கடுமை. ஊறுகாய், பொடி, முறுக்கு எதுவானாலும் படிவத்தில் எழுதிக் காட்டிவிட்டால் சிக்கலில்லை. மறைத்த கறிவேப்பிலைக் கொத்துக்கு 400 டாலர் அபராதம் கட்ட நேரும். ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குப் போகும் முன் செருப்பையும் வாளியையும் கழுவிக் காயவைக்க வேண்டும். 2004-இல் தென்தீவின் ஆறுகளில் தென்பட்ட டிடிமோ என்ற பாசி அப்படித்தான் ஆறு விட்டு ஆறு தாவியது.

வண்டியைத் திருப்பித் தருவது பெரும்பாலும் கிரைஸ்ட்சர்ச்சில். அதற்கு முந்தைய இரவைக் கட்டண முகாமில் கழிப்பது வசதி. துணி துவைத்து, ஃபிரிட்ஜைக் காலி செய்து, மிஞ்சிய அரிசியையும் எண்ணெயையும் முகாமின் பொதுச் சமையலறையில் ‘எடுத்துக்கொள்ளலாம்’ அலமாரியில் வைத்துவிடலாம். வாடகை நிலையத்தில் மூன்றைப் பார்ப்பார்கள்: கழிவுத் தொட்டிகள் காலியா, டீசல் நிரம்பியிருக்கிறதா, மீட்டரில் எத்தனை கிலோமீட்டர். கடைசிக் கேள்விக்குக் காரணம், அந்நாட்டில் டீசல் வண்டிகளுக்குச் சாலை வரி ஓடிய தூரத்தைப் பொறுத்தது. அந்தக் கணக்கைத் தீர்த்து, கூரையோரத்தில் கியா உரித்த ரப்பருக்கும் பதில் சொல்லிவிட்டால், சாவியைக் கொடுத்துவிடலாம்.